மூத்தோர் சொல்லுக்குத் துணை

புத்தூர் மணப்பந்தரின்கண் முதிய வேதியராய் வந்து வழக்குரைத்த இறைவன் சொல்லை நம்பியாரூரர் முதற்கண் நகைத்தனர், பித்தென்றும் கொண்டனர், காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தனர். ஆயினும் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அக்கிழவரை வாளா அனுப்பினாரல்லர். மூல ஓலையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். கேட்டார்க்குப் பொருந்தாதெனத் தோன்றினும், முதியவர் சொல் ஆராய்தற்குரியது என்பது அவ்வவையின் ஒழுக்கமாயிருந்தது.

அவ்வொழுக்கத்தை முதியோர் இல்லங்களில் நிலைநிறுத்துந் தொண்டு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறுகின்றது. 1972-இல் சில மாநிலங்களிற் சோதனையாகத் தொடங்கி, 1978-இல் எல்லா மாநிலங்கட்கும் சட்டத்தாற் கடமையாக்கப்பட்டது. அதற்குரியார் 'ஓம்பட்ஸ்மன்' எனப்படுவர். சுவீடன் நாட்டு மொழியினின்று போந்த சொல் அது. பயிற்சி பெற்ற தொண்டர் பலர் ஊதியமின்றி அவர் சார்பில் இல்லங்கட்குச் சென்று, அங்குறையும் மூத்தோரொடு தனித்து உரையாடுவர். இல்லத்தினாற் பொருட்பயன் பெறுவார் இப்பணிக்கு ஏற்கப்படார்.

அவர் செவிக்கு வருவன பெரும்பாலும் சிறியனவாகவே தோன்றும். அழைப்புமணியை அடித்தும் ஆள் வருவதில்லை. உணவு ஆறிப்போய் வருகின்றது. உறங்கும் பொழுதை வேறொருவர் வகுக்கின்றனர். பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பார்க்கு இவை சிறியன அல்ல. பெரியனவும் உள. பணியாளர் வசதிக்காக முதியவரை நாற்காலியிற் கட்டிவைத்தலையும் மருந்தால் மயக்கி வைத்தலையும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. இல்லத்தினின்று ஒருவரை வெளியேற்றப் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

இத்தொண்டின் அருமை இவற்றினும் வேறோரிடத்துளது. உரியவர் இசைவின்றி முறையீட்டை வெளியிடலாகாது, பெயரையும் சொல்லலாகாது. "நாளை அப்பணிப்பெண் முகத்தில்தானே விழிக்கவேண்டும்" என்று அஞ்சி மூதாட்டி ஒருத்தி கையமர்த்துவாளாயின், தொண்டர் நெஞ்சு எத்துணைப் பதறினும் அவள் குறையை அவள் பெயராற் கூறுதற்கில்லை. மறுமுறையும் வந்து அருகிருந்து, அச்சம் நீங்குங்காறும் பொறுத்தல் வேண்டும். நன்று செய்கின்றேம் என்னும் விரைவினுள்ளும் ஆணவம் ஒளிந்திருப்பதைச் சைவ நன்மக்கள் அறியாதாரல்லர்.

இனிப் பராமரிப்புத் திட்டத்தை வகுக்குங் கூட்டம். அதிற் கலந்துகொள்ளும் உரிமையும் அச்சட்டம் தந்ததே. விழுங்குதல் அரிதாகிய ஒரு முதியவர்க்குக் குழைத்த உணவே தகும் என மருத்துவர் கூறுகின்றார் என்க. மக்களும் இல்லத்தாரும் அதற்கு உடன்படுகின்றனர். அம்முதியவரோ, இடரை எடுத்துரைக்கக் கேட்டு விளங்கிக்கொண்டபின்னும், பழைய உணவே வேண்டுமென்கின்றார். எல்லாரும் ஒருபுறமாக, அவர் ஒருவரே மறுபுறம் நிற்கின்றார். அப்பொழுது தொண்டர் அவர் பக்கலில் அமர்ந்து, அவர் சொல் தளர்ந்தவிடத்து அதனை எடுத்துரைக்கக் கடவர். தமக்கு மருத்துவர் கூற்றே உடன்பாடாயின், அதனை வீடு திரும்பும் வழியில் எண்ணிக்கொள்ளலாம். கூட்டத்தில் அதற்கு இடமில்லை.