கெடுத்தால்தான் உதவும் படிகம்

மும்பை கொலாபாவில் கடலை ஒட்டி நிற்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், நல்ல கேலியம் ஆர்சனைடு படிகத்தை எடுத்து அதன்மேல் கார்பன் அயனிகளைப் பாய்ச்சி வேண்டுமென்றே கெடுத்தார்கள். எஸ்.எஸ்.பிரபுவின் டெராஹெர்ட்ஸ் குழுவும் அணு இயற்பியல்காரர்களும் சேர்ந்து செய்த அந்த வேலை 2015இல் ‘ஆப்டிக்ஸ் எக்ஸ்பிரஸ்’ இதழில் வெளியானது.

ஏன் கெடுக்க வேண்டும்?

டெராஹெர்ட்ஸ் கதிர் நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே இருப்பது. நொடிக்கு லட்சம் கோடி அதிர்வு. அந்த வேகத்தில் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கச் சாதாரண மின்சுற்றால் ஆகாது, லேசரால் ஆகும். குறைகடத்தியின் மேல் இரண்டு தங்கக் கோடுகள், நடுவே சில மைக்ரான் இடைவெளி, குறுக்கே சில பத்து வோல்ட். அந்த இடைவெளியில் 100 ஃபெம்டோநொடி லேசர் துடிப்பு விழுந்ததும் எலக்ட்ரான்கள் விடுபட்டுப் பாய்கின்றன. மின்னோட்டம் சட்டென்று எகிறுகிறது. அந்த எகிறல்தான் கதிராக வெளியேறுகிறது. பெல் ஆய்வகத்தில் டேவிட் ஆஸ்டன் போட்டுக் கொடுத்த பாதை இது.

உண்டாக்குவதற்கு எகிறல் போதும். பிடிப்பதற்குத்தான் கெட்ட படிகம் வேண்டும். பிடிக்கும் ஆன்டெனாவிலும் அதே தங்கக் கோடுகள்தான், வோல்ட் மட்டும் கிடையாது. வந்து சேரும் கதிரின் மின்புலமே எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது. லேசர் திறக்கும் கதவு திறந்த வேகத்திலேயே மூடினால்தான் அலையின் வடிவம் கிடைக்கும். பழுதில்லாத படிகத்தில் எலக்ட்ரான்கள் வெகுநேரம் திரிந்துகொண்டிருக்கும். பழுதுகள் இருந்தால் ஒரு பிகோநொடிக்குள் சிக்கிவிடும். வழக்கமாக இதற்கென்றே படிகத்தை 200 டிகிரியை ஒட்டிய குறைந்த வெப்பத்தில் வளர்ப்பார்கள். மிகுதியாகச் சேரும் ஆர்சனிக் பொறியாகிறது. அதற்குத் தனி வளர்ப்புக் கருவி வேண்டும். கடையில் கிடைக்கும் படிக வில்லையை அயனி முடுக்கியில் வைத்துக் கெடுப்பது நம் ஊர்ச் சூழலுக்குப் பொருந்துகிற கெட்டிக்காரத்தனம்தான்.

மேசையில் வேலை வேறு மாதிரி. 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த ஒளி பட்டால் மிளிரும் அட்டையில்தான் தேட வேண்டும். திருகை மயிரிழை திருப்பி, ஒளிப்பொட்டை நேர்மின்வாய் ஓரத்துக்கு நகர்த்தினால் சமிக்ஞை ஏறும். பிறகு லேசரின் பாதையை நீட்டும் தாமத மேடை. அதன்மேலுள்ள ஆடி 0.15 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒளி போய்த் திரும்ப ஒரு பிகோநொடி கூடுகிறது. அப்படிப் புள்ளி புள்ளியாக அலை திரையில் எழும்.

எழுந்த அலையின் வாலில் ஒரு நடுக்கம் தெரிந்தால் குற்றவாளி காற்றிலுள்ள ஈரம். நீராவி 0.557, 1.1 டெராஹெர்ட்ஸ் போன்ற இடங்களில் கதிரை விழுங்கிவிடும். மும்பை மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். கதிரின் பாதையைப் பெட்டியால் மூடி உலர் நைட்ரஜனை நிரப்புவார்கள். உலர்ந்த துணி மட்டும் பெரிய தடையில்லை. போளூரிலோ ஆரணியிலோ நெய்த பட்டுச்சேலையைக் குறுக்கே பிடித்தால் உடல் பகுதியைப் பெருமளவு கடந்துவிடும் கதிர், உலோகம் சுற்றிய ஜரிகைக் கரையில் மோதித் திரும்பும்.

சமிக்ஞை போதாதென்றால் எல்லார் கையும் போவது வோல்ட் திருகுக்குத்தான். இரட்டிப்பாக்கினால் கதிரின் மின்புலமும் இரட்டிக்கும், திறன் நான்கு மடங்காகும். ஆசை வராமல் என்ன செய்யும்? ஆனால் கெடுக்காத படிகத்தில் எலக்ட்ரான்கள் நெடுநேரம் ஓடி இடைவெளியைச் சூடாக்கும். சூடு மின்னோட்டத்தைக் கூட்டும், மின்னோட்டம் சூட்டைக் கூட்டும். தங்கக் கோடு உருகிக் கருகுவது நுண்ணோக்கியில்தான் பிறகு தெரியவரும். பழகியவர்கள் அதற்காகச் சமிக்ஞையைவிட மின்னோட்ட அளவியை அதிகம் பார்ப்பார்கள். யாரும் தொடாமலே முள் ஊர்ந்தால் வோல்ட்டை இறக்கிவிடுவார்கள்.