ஈயப்பற்றில் தெரியும் கை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஸீனியா நகரத்தின் ஓரத்தில் ஒரு கண்காட்சி மைதானம் இருக்கிறது. மே மாதத்தில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் அதன் குதிரை ஓட்டப் பாதைக்கு உள்ளே கிடக்கும் புல்தரை முழுக்க வானொலிப் பெட்டிகளாக இருக்கும். டேட்டன் அமெச்சூர் ரேடியோ சங்கம் 1952-ல் தொடங்கிய ஹாம்வென்ஷன் விழா அது. பல பத்தாண்டுகள் ஹாரா அரங்கத்தில் நடந்து, அரங்கம் 2016-ல் மூடப்பட்டதும் அடுத்த ஆண்டு இந்த மைதானத்துக்கு வந்தது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். புதிய கருவிகளை விற்கும் நிறுவனங்கள் கட்டடங்களுக்குள் கடை போட்டிருக்கும். நான் நேராகப் போவது புல்தரைச் சந்தைக்கு.

ஹாம் என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தேர்வு எழுதி அரசிடம் உரிமம் வாங்கி, சொந்தச் செலவில் அலை அனுப்பி, கண் காணாத இன்னொரு ஹாமோடு பேசுகிறவர்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடாது என்பது இதன் அடிப்படை விதி. அவர்களுக்காகவே வால்வில் ஓடும் பெட்டிகள் செய்த ஊர்கள் ஒருகாலத்தில் இருந்தன. சிகாகோவில் ஹாலிகிராஃப்டர்ஸ், அயோவாவின் சீடர் ராப்பிட்ஸில் காலின்ஸ், மினசோட்டாவின் வசீகாவில் ஜான்சன், மிச்சிகனின் பென்டன் ஹார்பரில் ஹீத்கிட், டேட்டனுக்குத் தெற்கே மியாமிஸ்பர்க்கில் டிரேக். இவற்றில் ஒன்றுகூட இன்று அந்த வால்வுப் பெட்டிகளைச் செய்வதில்லை. உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் அறிவும் இப்போது மிச்சமிருப்பது இந்தப் புல்தரையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்களிடம்தான்.

பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர், கடற்படையில் சிக்னல் பிரிவில் இருந்தவர், டிவி மெக்கானிக்காகக் கடை வைத்திருந்தவர் என்று பேச்சுக் கொடுத்தால் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் வேனிலிருந்து சாமான் இறங்கும்போதே டார்ச் விளக்கோடு ஆட்கள் சுற்றி வந்துவிடுவார்கள். நல்ல சாமான் அப்போதே கைமாறிவிடும். ஞாயிறு மதியம் விலை சரியும். 38 கிலோ எடையுள்ள ஆர்-390ஏ ராணுவ ரிசீவரை மறுபடி வேனில் ஏற்ற எந்த முதுகும் விரும்பாது.

பழைய செட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் பழைய ஹாலிகிராஃப்டர்ஸ் பெட்டிகளைச் சீர்செய்து விற்கும் ஒரு பெரியவர். அவர் முதலில் செய்யச் சொன்னது முகர்ந்து பார்ப்பது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒருமுறை கருகியிருந்தால் அந்த வாடை எத்தனை ஆண்டானாலும் போகாது. தார் உருகி வழிந்த தடம் இருக்கும். வால்வு போனால் வேறு போடலாம், கண்டென்சர் போனால் மாற்றலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால் அதற்கென்றே சுற்றிக் கட்டியாக வேண்டும். அந்தச் செலவு செட்டின் விலையைத் தாண்டிவிடும். எலி குடியிருந்த செட்டையும் மூக்கே காட்டிக்கொடுக்கும். எலி மூத்திரம், பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸியின் முலாமை அரித்துவிடும். எவ்வளவு துடைத்தாலும் அது மீளாது.

அடுத்து அவர் செட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வால்வு செட்டின் அசல் முகம் அடியில்தான் இருக்கிறது. மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். “இதெல்லாம் கசியும். கசியாததாக ஒன்றை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று” என்றார். ஒரு வால்வின் பிளேட்டில் இருக்கும் உயர் டிசி மின்னழுத்தம் அடுத்த வால்வின் கிரிடுக்குப் போய்ச் சேராமல், ஒலியை மட்டும் கடத்துவது அந்தக் கண்டென்சரின் வேலை. அது கசிந்தால் கிரிடின் பயாஸ் நிலை தவறும். அவுட்புட் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துக் கொதிக்கும். கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோகும். சில்லறைக் காசுக்கு வரும் ஒரு பாகத்தை மாற்றாமல் செட்டை ஓட்டுகிறவர், மாற்றுக் கிடைக்காத ஒரு பாகத்தைப் பணயம் வைக்கிறார். இதை அந்தப் பெரியவர் கோபத்தோடே சொன்னார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

“கடைசியாகப் போட்டபோது ஓடியது” என்று ஒரு சீட்டு பல செட்டுகளில் ஒட்டியிருக்கும். கடைசியாகப் போட்டது எப்போது என்று கேட்க வேண்டும். முப்பது ஆண்டு கிடந்த செட்டை நேராகச் சுவரில் சொருகினால் வடிகட்டும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் வெடிக்கலாம். பாகங்களை மாற்றிய பின்னும் வேரியாக் என்ற கருவியை வைத்து, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் எழுப்புவார்கள். ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 போன்ற மலிவுச் செட்டுகளில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பிளக்கை எப்படிச் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்து சேஸியிலேயே மின்சாரம் இருக்கும். அழகான பெட்டி, ரேமண்ட் லோவி வடிவமைத்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அலமாரிப் பொருளாக வாங்கி வைக்கிறவர்கள் இந்த மின்சார ஆபத்தைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சந்தையில் நான் அதிக நேரம் நிற்பது ஹீத்கிட் மேசைகளில். காலின்ஸ் பெட்டிகளைப் பார்த்து மற்றவர்கள் மயங்கி நிற்பது நியாயம்தான். அதன் டயலில் ஒரு கிலோஹெர்ட்ஸ் வரை படிக்க முடியும். ஆனால் காலின்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. ஹீத்கிட் அப்படியல்ல. பாகங்கள் பெட்டியில் வரும், கூடவே ஒரு தடித்த கையேடு வரும். வாங்கியவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாக வெட்டி, பற்றவைத்து, வானொலியைத் தானே கட்ட வேண்டும். நிறுவனம் 1992-ல் கிட் விற்பனையை நிறுத்தும் வரை பல்லாயிரம் பேர் இப்படிக் கட்டினார்கள். அதனால் ஒரே மாடலில் இரண்டு செட்டு ஒன்றுபோல இருக்காது. அடியைத் திறந்து ஈயப்பற்றைப் பார்த்தால் கட்டியவரின் கை தெரியும். பளபளவென்று, கம்பியைத் தழுவிப் படிந்திருந்தால் சூடு சரியாகப் பிடித்த கை. மங்கலாக உருண்டு நின்றால் அவசரக் கை. அந்த மூட்டு இன்று பேசும், நாளை பேசாது. மூட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் ஆசிட் கலந்த ஈயம் போட்டிருக்கிறார் என்று பொருள். அதைப் போடாதே என்று ஹீத்கிட் கையேட்டிலேயே எச்சரித்திருந்தது. அப்படிப்பட்ட செட்டை நான் தொடுவதில்லை.

நான் வாங்கியது டிஎக்ஸ்-60 டிரான்ஸ்மிட்டர் ஒன்று. கூட அதன் கையேடும் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு சிறு அடைப்பு. முடித்ததும் அதில் பென்சிலால் குறி போட வேண்டும். எல்லா அடைப்பிலும் குறி இருந்தது. ஓரிடத்தில் ஒரு கம்பியின் நிறம் மாறியதைக் கட்டியவர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். கையேடு இல்லாத இன்னொன்று பாதி விலைக்குக் கிடைத்தது. முகப்பும் இதைவிடப் புதிதாக இருந்தது. நான் கையேடு இருந்ததைத்தான் எடுத்தேன். அடுத்த முறையும் இதைத்தான் எடுப்பேன்.

டிஎக்ஸ்-60 யாருக்காகச் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1951-ல் அமெரிக்க அரசு புதியவர்களுக்கென நாவிஸ் உரிமம் கொண்டுவந்தது. உள்ளிடு சக்தி 75 வாட்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. அதிர்வெண்ணைக் குவார்ட்ஸ் படிகம்தான் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. படிகக் கட்டுப்பாடு 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. ஒரு பையனிடம் இரண்டு படிகம் இருந்தால் இரண்டே அதிர்வெண். அவன் அங்கேதான் கூப்பிட முடியும். சந்தையில் ஒரு மேசை முழுக்க எஃப்டி-243 என்ற பேக்கலைட் உறைப் படிகங்கள் தகர டப்பாக்களில் கிடந்தன. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வானொலிகளுக்காகப் பிரேசில் நாட்டுக் குவார்ட்ஸை அறுத்து லட்சக்கணக்கில் செய்தவை. போர் முடிந்ததும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. மேசைக்காரர் ஓர் உறையைத் திருகு கழற்றித் திறந்து, உள்ளிருந்த மெல்லிய சதுரத் தகட்டைக் காட்டினார். சன்னமான தேய்ப்புத் தூளைக் கண்ணாடியின் மேல் குழைத்துத் தகட்டை அதன்மேல் தேய்த்தால் தடிமன் குறையும், அதிர்வெண் ஏறும். கொஞ்சம் மிஞ்சித் தேய்த்துவிட்டால் பென்சில் கரியைத் தகட்டில் கீறி எடை ஏற்றிச் சற்றே இறக்கலாம். பதினான்கு வயதில் சமையலறை மேசையில் இதைச் செய்ததாகச் சொன்னார். இப்போதும் செய்துகொண்டிருக்கிறார்.

வால்வு விற்பவர்களிடம் கணக்கு வேறு. மியாமிஸ்பர்க்கில் செய்த டிரேக் டிஆர்-4 பெட்டியின் கடைசிக் கட்டத்தில் மூன்று 6ஜேபி6 வால்வுகள் இருக்கும். அது டிவி பெட்டிகளுக்காகச் செய்த வால்வு. அன்று மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் டிரேக் அதைத் தேர்ந்தெடுத்தது. வால்வு டிவி ஒழிந்தது, அந்த வால்வின் உற்பத்தியும் நின்றது. இப்போது அந்த மூன்று வால்வின் நிலைமைதான் டிஆர்-4-இன் விலையைத் தீர்மானிக்கிறது. ஆகவே வால்வுச் சோதனைக் கருவி வைத்திருக்கும் மேசையில் எப்போதும் வரிசை நிற்கும். அங்கே இருந்த டிவி-7 ராணுவக் கருவியில் முள் எங்கே நிற்கிறது என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து குனிந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பேரம் இல்லை.

சந்தையில் சில மேசைகளில் நடக்கும்போது என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். ஹாம் ஒருவர் இறந்தால் அவருடைய மோர்ஸ் சாவி மௌனமாகிவிட்டது என்று சொல்வார்கள். அவருடைய சாமான்களை மனைவியோ மகனோ கொண்டுவந்து விற்பார்கள். பல இடங்களில் உள்ளூர்ச் சங்கத்தார் வந்து ஒவ்வொரு பொருளுக்கும் பெயரும் விலையும் எழுதி உதவுகிறார்கள். நான் பார்த்த ஒரு மேசையில் நேஷனல் எச்ஆர்ஓ ரிசீவர் ஒன்று தனியாக இருந்தது. எச்ஆர்ஓ-வில் அலைவரிசை மாற்ற வேண்டுமென்றால் முன்பக்கம் சொருகும் காயில் பெட்டியையே மாற்ற வேண்டும். காயில்கள் இல்லாத எச்ஆர்ஓ பாதி செட்டுதான். பார்க்க வந்த ஒருவர் அதைக் குறைந்த விலைக்கு எடுத்துப்போயிருக்கலாம். அவர் மேசையில் இருந்த அம்மாவிடம், “வீட்டில் பரணில் கைப்பிடி வைத்த சின்னப் பெட்டிகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சேர்த்து விற்றால்தான் உங்களுக்கு உரிய விலை வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாம் உலகத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இப்படிப்பட்ட மனிதர்கள்தான் காரணம்.

எனக்கு வருத்தம் தருவது, செட்டைத் தன் விருப்பத்துக்கு மாற்றிவிட்டு எதையும் எழுதி வைக்காதவர்கள். முகப்பில் புதிய துளை, உள்ளே எங்கோ போகும் கம்பி, வரைபடத்தில் இல்லாத ஒரு ரெசிஸ்டர். மாற்றியதைக் குறை சொல்லவில்லை. மாற்றிப் பார்ப்பதற்காகத்தான் ஹாம் ஆகிறோம். ஆனால் அந்த மாற்றத்தின் காரணம் மாற்றியவரோடு போய்விட்டால், அடுத்து வருகிறவர் மாதக்கணக்கில் கம்பிகளைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும்.

ஸீனியாவுக்குப் போகிறவர்கள் டார்ச், திருப்புளி, மல்டிமீட்டர், சில்லறை நோட்டு, மழைக்கு ஏற்ற செருப்பு கொண்டுபோங்கள். மூடியைத் திறக்க விடாத செட்டை வாங்காதீர்கள். வாங்கிய செட்டில் எந்த நாளில் எந்தப் பாகத்தை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, சேஸிக்கு உள்ளே ஒட்டிவையுங்கள்.