ஒரே சான்றிதழ், நான்கு வண்டிகள்

உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில் ஏரித் தண்ணீரும் நெல்லும்தான் இன்னும் பெரும் பிழைப்பு. அதே ஊர்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்டுக்குப் போகும் இளைஞர்களில் சிலர் பெருங்கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள். நெல் குடோனையும் அந்தக் கிடங்கையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படுகிறது. மூட்டையைச் சரியாமல் அட்டி போடுவது தனிக்கைவேலை என்று குடோனில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சுமைதூக்குவோர் உள்ளிட்ட உடலுழைப்புத் தொழிலாளருக்கென்று 1982-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. குறுகிய பாதையில், பத்து மீட்டர் உயர ரேக்கில் ஒரு டன் சரக்கேற்றிய பேலட்டை வைத்துவிட்டு இறங்குபவரோ வெறும் 'ஆபரேட்டர்'. எந்த வண்டியின் ஆபரேட்டர் என்று கேட்பாரில்லை. அதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் வண்டிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. எங்கும் காணும் கவுன்டர்பேலன்ஸ் வண்டிக்கு முன்னால் சரக்கு, பின்னால் அதை ஈடுசெய்யும் எடை. திரும்புவதற்கு மூன்றரை, நான்கு மீட்டர் பாதை தேவை. ரீச் டிரக் தன் தூக்கும் கம்பமான மாஸ்ட்டை முன்னே நீட்டிப் பேலட்டை எடுத்து, தன் இரு முன்கால்களுக்கு நடுவே இழுத்துக்கொள்ளும். மூன்று மீட்டருக்குள் வேலை முடியும். ஆனால் ஓட்டுபவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பியும் அண்ணாந்தும் நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். ஆர்ட்டிகுலேட்டட் வண்டி நடுவில் மடங்கி ஏறக்குறைய இரண்டு மீட்டர் பாதையில் நுழையும்; முந்தைய இரண்டும் பின்சக்கரத்தால் திரும்ப, இது முன்பக்கத்தால் திரும்பும். பழகிய கைக்கு இங்கே எல்லாம் தலைகீழ். இவற்றினும் குறுகிய, 1.6 முதல் 1.8 மீட்டர் பாதையில் ஓடும் டரட் டிரக் பாதைக்குள் திரும்புவதே இல்லை, சரக்கைத் தாங்கும் ஃபோர்க் மட்டும் இருபுறமும் சுழலும். தரையில் புதைத்த கம்பியோ ஓரத் தண்டவாளமோ அதை வழிநடத்தும். சில ரகங்களில் ஆளும் சரக்கோடு சேர்ந்து மேலே ஏறுவார். ஒரு மீட்டர் அகலச் சக்கர இடைவெளியில் தரை ஐந்து மில்லிமீட்டர் ஏறி இறங்கியிருந்தால், பத்து மீட்டர் உயரத்தில் அது ஐந்து சென்டிமீட்டர் சாய்வு. உயரம் கூடக்கூட வண்டி தாங்கும் எடையும் குறைகிறது. வண்டியில் ஒட்டிய தகட்டை வாசித்து அதைக் கணக்கிடுவது ஓட்டுவதைவிடப் பெரிய படிப்பு.

அடிப்படை ஒன்றுதானே, ஒன்றைக் கற்றவர் மற்றதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்லலாம். நகர்த்தப் பழகிவிடுவார், அது சரி. எங்கே நிறுத்த வேண்டும், எதைத் தூக்கக் கூடாது என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது. அமெரிக்க விதிகள் குறுகிய பாதை மின்வண்டிகளைத் தனி வகுப்பாகவே பிரித்து, ஓட்டும் வண்டிக்கேற்ற பயிற்சியையும் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது திறன் மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. நம் 1988 மோட்டார் வாகனச் சட்டமோ, தொழிற்சாலைக்குள்ளும் மூடிய வளாகத்துக்குள்ளும் மட்டும் ஓடுவதற்கென அமைந்த வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. அத்தகைய வண்டிக்கு ஆர்டிஓ உரிமத்தின் பிடி இல்லை; ஆபரேட்டரின் திறமைக்குச் சாட்சி பெரும்பாலும் பயிற்சி நிலையம் தரும் தாள்தான். தானியங்கி வண்டிகள் வந்துவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்பது இன்னொரு வாதம். வரட்டும். கேமராவும், உயரத்தை முன்பே குறித்துவைக்கும் வசதியும் கழுத்துவலியைக் குறைக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் உடைந்த பேலட்டையும் ஒருபக்கம் சரிந்த சரக்கையும் கண்டு நிறுத்த ஆள் வேண்டியிருக்கும்வரை அந்த ஆளின் படிப்புக்குப் பெயரும் கூலியும் வேண்டும். ஒருநாள் கூடுதல் பயிற்சிச் செலவு, மோதி வளைந்த ஒரு ரேக் தூணின் முன் பெரிய தொகையா என்ன?

உத்திரமேரூர்ப் பக்கத்துத் தம்பிகளுக்கு ஒன்று: பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், எந்த வண்டியில், எவ்வளவு உயரம்வரை, எத்தனை மணி நேரம் கையில் தருவீர்கள் என்று கேளுங்கள். அந்த மூன்றையும் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.