அடுப்படியில் நிற்கப் போவது யார்?

ரொம்ப நாளாக எழுத நினைத்து, டெண்டர் முடியட்டும் என்று தள்ளிப்போட்ட விஷயம் இது. டெண்டர் முடிந்தது, வேலையும் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இனி எழுதினால் யாரும் விஜிலென்ஸுக்கு மொட்டைக் கடுதாசி போட மாட்டார்கள் :-)

எங்கள் வங்கியில் சிஆர்எம் மென்பொருளை நிறுவித் தர ஒரு கன்சல்டிங் கம்பெனி வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி. ஐடி ஆட்கள் நாலு பேர், அவர்களோடு 'கிளை அனுபவம் உள்ளவர்' என்ற பெயரில் நான். "பி.காம் படிச்சவரைப் போய் இதுல போட்டிருக்காங்களே" என்று தங்கமணிக்கு ஒரே சிரிப்பு.

சிஆர்எம் என்பது பெரிய ரகசியம் இல்லை. வாடிக்கையாளர் கிளைக்கு வந்தாலும், கால் சென்டருக்குப் பேசினாலும், ஆப்பில் புகார் போட்டாலும், பதில் சொல்பவருக்கு அவர் கதை முழுதும் ஒரே திரையில் தெரிய வேண்டும். நம்ம ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி இதை மனசிலேயே வைத்திருந்தார். அவருக்கு நூறு குடும்பம். வங்கிக்குக் கோடிக்கணக்கில்.

மென்பொருளை இப்போது யாரும் புதிதாக எழுதுவதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் என்று பல கம்பெனிகளிடம் தயாராக இருக்கிறது. ஆனால் அது கடையில் வாங்கிய அரிசி பருப்பு மாதிரி. சமைத்துப் பரிமாற ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கன்சல்டிங் பார்ட்னர்.

மும்பையில் நம்மவர்கள் கல்யாணம் வைத்தால், மாதுங்காவிலோ செம்பூரிலோ ஹால் பிடித்த கையோடு கேட்பது, "சமையல் யாரு?" காண்டிராக்டர் பெயர் போதாது. அன்றைக்கு அடுப்படியில் நிற்கப் போவது யார் என்று தெரிய வேண்டும். டெண்டரிலும் அதே கதைதான். பிரசன்டேஷனுக்கு வருபவர்கள் கோட்டு சூட்டோடு இருபது வருஷ அனுபவஸ்தர்கள். ஆர்டர் கைக்குப் போன பிறகு வருபவர்கள், போன வருஷம் காலேஜ் முடித்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகளும் பெங்களூரிலும் புனேயிலும் இப்படித்தான் பெஞ்சிலிருந்து எழுப்பி எங்கேயோ அனுப்பப்படுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு வழி காட்டியவர், எங்கள் பக்கத்து பில்டிங்கில் இருக்கும் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர். கணவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார். "தம்பி, உங்க பேங்க்ல இருந்து இன்னைக்கும் போன். அவுகளுக்கு லோன் வேணுமான்னு கேக்காக. நான் என்ன சொல்ல?"

கிளையில் விசாரித்தேன். அக்கா எல்லாக் காகிதமும் கொடுத்து, சேமிப்புக் கணக்கில் இறப்பைப் பதிந்து, பணமும் வந்துவிட்டது. கோளாறு வேறு இடத்தில். சேமிப்புக் கணக்கில் அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல். டெபாசிட்டில் இனிஷியல் பின்னால். பழைய வீட்டுக்கடனில், சர்நேம் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று யாரோ அப்பா பெயரை முழுசாக நிரப்பியிருந்தார்கள். ஊரை விட்டு வந்த தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. ஒரே மனிதர், மூன்று வாடிக்கையாளர் எண். ஒன்றில் இறந்துவிட்டார். மற்ற இரண்டில் உயிரோடு இருக்கிறார். கால் சென்டர் பட்டியல் அந்த இரண்டிலிருந்து வந்தது.

ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே அடையாள எண் என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொன்னது. சொல்வது ஒரு வரி. பழைய லெட்ஜரிலிருந்து ஏற்றிய பெயர்களைச் சேர்ப்பது மலையைப் புரட்டுகிற வேலை.

கமிட்டியில் இதையே கேள்வியாக வைக்கலாம் என்றேன். பெயர், எண் எல்லாம் மாற்றி, மூன்று கம்பெனிகளுக்கும் ஒரே கேள்வி: "இந்தக் குடும்பத்துக்கு நாளை காலை போன் போகாமல் இருக்க என்ன செய்வீர்கள்?"

முதல் கம்பெனி, தங்கள் ஏஐ தானாகவே கண்டுபிடித்துவிடும் என்று அழகான ஸ்லைடு காட்டியது. இரண்டாவது கம்பெனி, இது மென்பொருளோடு வரும் வசதி இல்லை, சேஞ்ச் ரிக்வெஸ்ட் கொடுத்தால் தனிக் கட்டணத்தில் செய்யலாம் என்றது.

மூன்றாவது, மூன்றிலும் சின்னது. அதன் பிராஜெக்ட் மேனேஜர் ஒரு மராத்திப் பெண்மணி. ஸ்லைடை நிறுத்திவிட்டு எங்களைக் கேட்டார். "உங்கள் கிளையில் இறப்பைப் பதிவது எந்த மேசை? அவர் ஒரு எண்ணில் மட்டும் பதிகிறாரா, மற்றதையும் தேடுகிறாரா? அதைப் பார்க்க ஒருநாள் கிளையில் உட்கார அனுமதி கிடைக்குமா?" அப்புறம் ஒன்று சொன்னார். பெயர் ஒத்துப்போகிறது என்று இயந்திரத்தை விட்டே சேர்த்துவிடக் கூடாது. ஒரு ஆள் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். உயிரோடு இருப்பவரை இறந்தவராக்கிவிட்டால் அவருடைய பென்ஷன் நின்றுபோகும். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

நல்ல பதில் சொன்னார் என்பதற்காக ஆர்டர் கொடுத்துவிட முடியாது, மார்க் பேச வேண்டும். எங்கள் டெண்டரில் தரத்துக்கு 70, விலைக்கு 30. இங்கேதான் பி.காம் கைகொடுத்தது. உதாரணத்துக்கு ஒருவர் 10 கோடி, இன்னொருவர் 12 கோடி கேட்டால், குறைந்த விலைக்கு 100 மார்க், மற்றவருக்கு 83.33. அதில் 30 சதவீதம் என்றால் வித்தியாசம் வெறும் 5. தரத்தில் 7 மார்க்குக்குச் சற்று அதிகம் எடுத்தால் அந்த 2 கோடியை ஈடுகட்டிவிடலாம். ஆகவே தர மார்க்கை எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் முடிவே இருக்கிறது. கம்பெனியின் வருமானத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் கொடுத்தால் பெரிய கம்பெனிதான் வரும். நாங்கள் செய்முறை விளக்கத்துக்கும், வேலைக்கு வரப்போகும் ஆட்களின் நேர்காணலுக்கும் கணிசமாக ஒதுக்கியிருந்தோம். விலை உறையைப் பிரிக்கும் முன்பே அது எழுத்தில் இருந்ததால், பிறகு யாரும் வாய் திறக்க முடியவில்லை.

அவர்கள் ஏற்கெனவே வேலை செய்த இடத்தையும் போய்ப் பார்த்தோம். பெரிய கம்பெனி காட்டிய இடத்தில் மேலதிகாரியின் அறையில் டீ, பிஸ்கட், புகழ்ச்சி. நான் நைசாக வெளியே வந்து புகார் எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் நின்றேன். லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் மொத்தமா சிஸ்டத்துல ஏத்திடுவேன் சார்" என்றார். அந்த நோட்டுதான் உண்மையான ரிப்போர்ட்.

கடைசியில் சின்னக் கம்பெனி கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களில் பிடிவாதமாக இருந்தோம். முக்கியமான ஆட்களின் பெயர் ஒப்பந்தத்திலேயே இருக்கும், எங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. பணத்தில் ஒரு பகுதி, பெயர்களைச் சேர்த்து முடித்து, கிளைகள் நிஜமாகவே பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான். அவர்கள் விலகினால் எல்லாவற்றையும் எப்படி ஒப்படைப்பார்கள் என்பது முதல் நாளே எழுத்தில். ஐடி வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்று ரிசர்வ் வங்கி 2023-ல் தந்த வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது வங்கியின் தலையில்தான் விடியும், கன்சல்டன்ட் தலையில் இல்லை.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். பெயர் சேர்க்கும் வேலை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. சில கிளைகளில் "இன்னொரு திரையா?" என்று முணுமுணுப்பு. ஆனால் முதல் கட்டத்தில் முதல் வேலையாக, ஒரு எண்ணில் இறப்பு பதிந்தால் அதே மாதிரி மற்ற எண்கள் ஒரு அதிகாரியின் பார்வைக்கு வந்து, அவர் முடிவு செய்யும் வரை விளம்பரப் போன் நிறுத்தப்படுகிறது.

சொந்தமாகத் தொழில் செய்யும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கு உங்கள் கடைக்கோ கம்பெனிக்கோ இந்த மாதிரி ஆள் வைக்கும்போது, உங்களை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்யும் ஒரு வாடிக்கையாளர் பிரச்சினையை முன்னால் வையுங்கள். அவர்கள் சொல்கிற பதிலை விட, திருப்பிக் கேட்கிற கேள்வியைக் கவனியுங்கள்.

டிஸ்கி: வங்கி எது, கம்பெனி எது என்று கேட்டு யாரும் போன் செய்ய வேண்டாம். பெயர் சேர்க்கிறோம், அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் :-)