மாமாவின் காரும் ஒரு வார்ப்பட்டையும்

ஏட்டறிவு பெரிதா, பட்டறிவு பெரிதா என்று வழக்காடாத மாணவர் மன்றம் தமிழகத்தில் இல்லை. எல்லை தாண்டி வந்து படிக்கும் நம்மவர் நடுவிலும் அந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. இரு கட்சிக்கும் நான் கைதட்டியவன். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வழக்கை ஒரு காரின் முன்மூடிக்குக் கீழே கேட்க நேர்ந்தது. அங்கே கிடைத்த தீர்ப்பை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நான் தங்கியிருப்பது அத்திபெலேயில், தாய்மாமன் வீட்டில். பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. கடைத்தெருவில் கன்னடத்தில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் வளர்ந்து தமிழில் முடியும். மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். பழைய டீசல் கார் ஒன்று. அந்த வீட்டுக்கு வயலும் அதுதான், கிணறும் அதுதான். அது ஓடினால் அடுப்பு எரியும்.

மாமாவுக்கு நிலையான வாடிக்கை ஒன்று உண்டு. எங்கள் தெரு முதியவர் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை விடியுமுன் அவரைப் பெங்களூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரத்தச் சுத்திகரிப்பு முடிந்ததும் திரும்ப அழைத்து வர வேண்டும். வழியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலச் சாலை, 2010இல் திறக்கப்பட்டது. நேரம் மிச்சமாகும். ஆனால், அதன் நடுவில் வண்டி நின்றுவிட்டால்? அந்த முதியவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கவலைதான் எங்கள் வேலைக்குத் தூண்டுகோல்.

சில நாட்களாகவே, காலையில் காரை முடுக்கினால் ‘கீச்’ என்றொரு கூக்குரல் எழுந்தது. சிறிது தூரம் ஓடியதும் அடங்கிவிடும். ஒரு பட்டறையில் காட்டியபோது, “பெல்ட்டோடு ஆல்டர்நேட்டரையும் மாற்றிவிட வேண்டும்” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை மாமாவின் பத்து நாள் உழைப்பு. மாமா வீட்டுக்கு வந்து, மூடியைத் திறந்து, விளக்கடித்து வார்ப்பட்டையைப் பார்த்தார்.

“ஒரு வெடிப்புகூட இல்லை, மாப்பிள்ளை! இது இன்னும் ஓராண்டு ஓடும்” என்றார்.

முப்பது ஆண்டு ஓட்டுநர் சொல்லும் சொல்லை எளிதில் தள்ள முடியுமா? அவர் அம்பாசடர் காலத்து மனிதர். அந்தக் காரில் ‘வி’ எழுத்தின் வடிவில் ஒரு பட்டை ஓடும். விசிறியைச் சுற்றுவதால் அதற்கு ‘ஃபேன் பெல்ட்’ என்று பெயர். அத்தகைய பட்டைகளைச் செய்யும் ஃபென்னர் தொழிற்சாலை நம் மதுரையிலேயே உண்டு. இன்றோ பல கார்களில் விசிறி மின்சாரத்தால் சுழல்கிறது. ஆயினும் கடையில் ‘ஃபேன் பெல்ட்’ என்றுதான் கேட்கிறோம்! பெயர் நிலைத்துவிட்டது, பொருள் மாறிவிட்டது.

மாறிய பொருள் எது? முன்பு இரண்டு மூன்று பட்டைகள் பகிர்ந்து செய்த வேலையை, இப்போது அகன்ற பட்டை ஒன்றே செய்கிறது. உட்புறத்தில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள், வெளிப்புறம் வழவழப்பு. அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் காரில் இது இடம்பெற்றது; பிறகு உலகெங்கும் பரவியது. பாம்புபோல் வளைந்து வளைந்து ஓடுவதால் ஆங்கிலத்தில் பாம்பின் பெயரையே இதற்கு வைத்தார்கள். மாமாவின் காரில் மின்சாரம் ஆக்கும் ஆல்டர்நேட்டர், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழற்றும் பம்பு, ஸ்டீயரிங்குக்குத் துணைசெய்யும் பம்பு, ஏசி கம்ப்ரசர் ஆகிய நான்கையும் இந்த ஒரே பட்டைதான் இயக்குகிறது. இது அறுந்தால் நான்கும் ஒருசேர நிற்கும். பாட்டரி விளக்கு எரியும். ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். எஞ்சின் கொதிக்கத் தொடங்கும்.

இங்கேதான் ஏடு கைகொடுத்தது. முற்காலப் பட்டைகள் நியோப்ரீன் என்னும் இரப்பரால் ஆனவை. முதுமை வந்தால் அவற்றில் வெடிப்பு விழும், கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். பின்னர் ‘இ.பி.டி.எம்.’ என்னும் வேறு இரப்பர் வந்தது. அது எளிதில் வெடிப்பதில்லை. செருப்பின் அடி தேய்வதுபோல் வரிகள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. பள்ளங்கள் அகலும், பிடிப்புக் குறையும், பட்டை வழுக்கும். பார்வைக்கு மட்டும் புதிதுபோலவே இருக்கும். வெடிப்பு இல்லை என்பதாலேயே பட்டை நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடுவோம்” என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கையை எட்ட வைத்து, வரிகள் உள்ள பக்கத்தில் சிறிது நீர் தெளித்தோம். நீர் பட்டதும் ஓசை சற்றே அடங்கி மீண்டும் எழுந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று கொள்ளலாம். நீர் பட்டவுடன் ஓசை உரத்தால், பட்டை வழுக்குகிறது என்று கொள்ளலாம். எங்கள் கார் உரக்கவே கத்தியது! அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

கடைக்குச் சென்று புதிய பட்டை வாங்கினோம். இதன் அளவைப் படிப்பது எளிது. ‘6பிகே’ என்றிருந்தால் ஆறு வரிகள். ‘பிகே’ என்பது வரியின் வடிவம், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 3.56 மில்லிமீட்டர். அதன் பின் வரும் எண், பட்டையின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்பது.

எஞ்சின் ஆறிய பிறகு வேலை தொடங்கியது. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். பட்டை எந்தப் புல்லியின் மேல், எதன் கீழ் செல்கிறது என்று நோட்டில் படம் வரைந்துகொண்டேன். முன்சக்கரம் ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்ததால், ஜாக்கை மட்டும் நம்பாமல் காருக்கு ஸ்டாண்டு கொடுத்தார் மாமா. டென்ஷனர் என்பது விசையுள்ள ஒரு கை. பட்டையை எப்போதும் இறுக்கிப் பிடித்திருப்பது. நீண்ட ஸ்பேனரால் அதை அவர் தள்ளிப் பிடிக்க, நான் பட்டையை உருவினேன். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பழையதன் பள்ளங்கள் அகன்று தேய்ந்திருந்தன. மாமா நெடுநேரம் பேசவில்லை.

புதியதை மாட்டப் போனேன். “பொறு மாப்பிள்ளை” என்றார். ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆல்டர்நேட்டர் பட்டுப்போல் சுழன்றது, ஆட்டமும் இல்லை. பட்டைக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் வெற்றுப் புல்லி ஒன்றில் அவர் விரல் நின்றது. “இதில் கரகரப்பு இருக்கிறது. பேரிங் போய்விட்டது” என்றார். என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்த பிறகே உணர்ந்தேன். அதை அப்படியே விட்டிருந்தால், அது இறுகி நின்று புதிய பட்டையையும் கெடுத்திருக்கும். மீண்டும் கடைக்கு ஓடினோம். ஒரே ஒரு போல்ட்; பத்து நிமிட வேலை.

பட்டையைப் படத்தில் உள்ளபடி சுற்றி, வழவழப்பான புல்லியின் மேல் கடைசியாக ஏற்றினோம். ஒவ்வொரு வரியும் தன் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம். டென்ஷனரின் குறி எல்லைக்குள் நின்றது. சக்கரத்தை மாட்டி, கம்பியை இணைத்து, காரை முடுக்கினார் மாமா. ஓசை இல்லை. என் மல்டிமீட்டரைப் பாட்டரியில் வைத்தேன், 14.1 வோல்ட் காட்டியது. ஆல்டர்நேட்டர் நலம்! பத்து நாள் உழைப்பு வீட்டிலேயே தங்கியது. மறுநாள் விடியுமுன் முதியவரை ஏற்றிக்கொண்டு கார் மேம்பாலத்தைக் கடந்தது.

தீர்ப்பு என்ன? தேய்ந்த பட்டையைக் கண்டது ஏடு. கெட்ட புல்லியைக் கண்டது விரல். ஒன்று தனித்திருந்தால் வேலை பாதியிலேயே நின்றிருக்கும். மாமாவின் பட்டறிவு பொய்யன்று. அது பழைய இரப்பரிடம் கற்ற பாடம். பொருள் மாறினால் பாடமும் மாற வேண்டும் என்று சொல்வதற்கு ஏடு வேண்டும். ஏட்டுக்கு எட்டாத கரகரப்பை அறிய, பழகிய கை வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! உங்கள் வீட்டிலும் கார் இருக்கலாம். தையல் எந்திரம் இருக்கலாம். கிணற்று மோட்டார் இருக்கலாம். அதனோடு பல்லாண்டு பழகிய கை ஒன்றும் இருக்கும். நீங்கள் படித்ததை அந்தக் கைக்குச் சொல்லுங்கள். பிறகு உங்கள் விரலை அதனிடம் கொடுங்கள்.