இசைத்தட்டின் விலை எதற்கு?

2015 டிசம்பரில் பீட்டில்ஸ் குழுவின் ‘வெள்ளை ஆல்பம்’ இசைத்தட்டின் ஒரு பிரதி அமெரிக்க ஏலமொன்றில் 7,90,000 டாலருக்கு விற்றது. அதே பாடல்களை மிகக் குறைந்த விலைக்குக் குறுந்தகட்டில் வாங்கிவிடலாம். ஆனால் அப்பிரதியின் உறையில் 0000001 என்ற வரிசை எண் இருந்தது. அது ரிங்கோ ஸ்டாரின் சொந்தப் பிரதி. கொடுத்த விலை பாட்டுக்கு அன்று, அந்தப் பொருளுக்கு.

நம் பழைய தட்டுகளுக்கும் இது பொருந்தும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் கிராமபோன் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை, கைதவறினால் உடையும். எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் வரிப்பள்ளத்தைத் தேய்த்தது. ஆகவே மக்கள் விரும்பிக் கேட்ட தட்டுகளே விரைவில் பாழாயின. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் மறைந்தார். பேசும் படத்தில் நடித்தவரல்லர். அவர் குரல் இத்தகைய தட்டுகளின் வழியேதான் நம்மை வந்தடைந்தது. தேயாத பிரதிக்குப் போட்டி எழுவதில் வியப்பில்லை.

வினைல் தட்டுகளின் கதை சற்று வேறு. 1980களில் ஒலிநாடா பரவியதும் தட்டு வாங்குவோர் குறைந்தனர். அக்காலத்து இளையராஜா தட்டுகளை இன்று தேடுவோரில் தமிழறியாத அயல்நாட்டு டிஜேக்களும் உண்டு. 2003இல் பிளாக் ஐட் பீஸ் குழு ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படப் பாடலொன்றின் துணுக்கைத் தன் தொகுப்பில் எடுத்தாண்டது. சரக்கு குறைவு, வாங்குவோரோ உலகெங்கும். முதற்பதிப்பா, உறை கிழியாமல் உள்ளதா, கீறல் உண்டா என்பவற்றைப் பொறுத்து ஒரே பாடலின் இரு தட்டுகளுக்கிடையே விலை பன்மடங்கு வேறுபடும்.

இவ்வளவையும் யோசிக்க வைத்தது கொல்லயிலில் ஒரு மூதாட்டியின் கேள்வி. கிளைமொழிக் களப்பணிக்குச் சென்றிருந்தபோது, வீட்டுத் தட்டுகளை விலைக்குக் கேட்டுச் சென்ற வியாபாரியைப் பற்றிக் கேட்டார்: “மக்களே, பாட்டுப் பெட்டியும் இல்லாத இந்தத் தட்டுக்கு அவன் எதுக்கு இவ்வளவு பைசா தாறான்?”

விற்பது அவர் உரிமை. ஆனால் கொடுக்குமுன் ஒலியைப் படியெடுத்துக்கொள்ளச் சொன்னேன். 78 சுற்றுத் தட்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு அகலமுள்ள ஊசி வேண்டும். வினைலுக்கான மெல்லிய ஊசி அதன் பள்ளத்தில் சரியாக அமராது. சானிடைசர் கொண்டு துடைக்கவே கூடாது. சாராயத்தில் அரக்கு கரையும். சிட்டையிலும் அதைச் சுற்றியும் உள்ள எண்களைக் குறித்துவைத்தல் நலம். பதிப்பை அறிய அவையே சான்று.

என் துறை சார்ந்த கவலை வேறு. கிரியர்சனின் மொழி அளவாய்வையொட்டி, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய மொழிகளின் பேச்சைத் தட்டுகளில் பதிந்தனர். தமிழும் அவற்றுள் உண்டு. 1956இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கு இப்பால், பிள்ளைகள் மலையாளத்தில் பயில, முதியோர் நாவில் எஞ்சியிருக்கும் இத்தமிழுக்கு அப்படியொரு தட்டை நான் கண்டதில்லை. பாட்டுக்குப் பிரதிகள் பல உண்டு. அம்மூதாட்டியின் ‘தாறான்’ என்ற சொல்லுக்கு ஒரு பிரதிகூட இல்லை, வாங்கவும் ஆளில்லை.

எல்லைப்புறத்து மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் இசைவு பெற்று அரைமணி நேரப் பேச்சைப் பதிவுசெய்யுங்கள். ஊர், வயது, நாள் ஆகியவற்றையும் உடன் குறித்துவையுங்கள்.