பருத்திக் காயும் பாடத்திட்டமும்

நம் கல்லூரியிற் பட்டம் பெற்று வெளியேறும் அன்பர்களுட் சிலர் ஆண்டுதோறும் ஆசிரியத் தொழிலை மேற்கொள்கின்றனர். அவருள்ளும் ஒருசிலர், விரும்பியோ விரும்பாமலோ, சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆரம்பப் பாடசாலைகளைச் சென்று சேர்கின்றனர். யாமும் அங்ஙனம் சென்று சேர்ந்தவரே. ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பத்திராசிரியர் கேட்டபொழுது, எம் உபாத்திமைத் தொழிலின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியே நினைவில் வந்து நின்றது. அதனை வெற்றியென்பதா தோல்வியென்பதா என்று இன்றும் எம்மால் துணிந்து கூற இயலவில்லை.

யாம் இக்கல்லூரியிற் பயின்ற காலத்து, நூல்நிலையத்தின் மூலையலமாரி ஒன்றில் ஒரு சிறு நூலைக் கண்டெடுத்தோம். ஜான் டூயி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1899-ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலின் பெயர் ‘பள்ளியும் சமுதாயமும்’ எனப் பொருள்படும். டூயி 1896-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திற் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஒரு பாடசாலையைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கே மாணாக்கர் 16 பேரே. அப்பிள்ளைகள் சமைத்தனர், நெய்தனர், தச்சுவேலை செய்தனர். சமையற்காரராகவும் தச்சராகவும் ஆவதற்கன்று. ஒரு தொழிலினுள்ளே புகுந்து, அதன் வழியாகவே கணக்கிற்கும் வரலாற்றிற்கும் இயற்கைநூலுக்கும் சென்று சேர்வதற்காம்.

அந்நூலில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. பள்ளிக்கு வேண்டிய மேசைகளைத் தேடிக் கடைதோறும் அலைந்த டூயிக்கு ஏற்றவை கிடைக்கவில்லை. கடைக்காரருள் ஒருவர், பிள்ளைகள் வேலை செய்தற்குரிய மேசைகளையே அவர் தேடுகின்றார் என்றும், தம்மிடத்து உள்ளனவெல்லாம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருத்தற்கு உரியவை என்றும் சொன்னாராம். மிஸிஸிப்பி ஆற்றங்கரையிலுள்ள மோலீன் என்னும் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிய செய்தியோ வேடிக்கையன்று. தம் வீட்டருகே ஓடும் நீருக்கும் பூகோளப் புத்தகத்திற் படித்த மிஸிஸிப்பிக்கும் தொடர்புண்டு என்று கேட்டு வியப்புற்ற பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்பதாக அவ்வூர்க் கல்வி அதிகாரி டூயியிடம் கூறினாராம். இதனைப் படித்தபொழுது யாம் நகைத்தோம். பின்னர், தாமிரபரணியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த எம் பிள்ளைப் பருவத்தை நினைந்து நகைப்பை நிறுத்தினோம்.

எல்லாவற்றினும் எம்மைப் பிணித்தது பஞ்சைப் பற்றிய பகுதியே. டூயியின் பள்ளியிற் பிள்ளைகளின் கையிற் பருத்திக் காயையும் ஆட்டு மயிரையும் ஆளி நாரையும் கொடுத்துவிட்டனர். ஒரு குழுவினர் அரைமணி நேரம் முயன்று கொட்டையினின்றும் பிரித்தெடுத்த பஞ்சு ஓர் அவுன்ஸுக்கும் குறைவு. நம் கணக்கில் 30 கிராம்கூட ஆகாது. முற்காலத்து மக்கள் பருத்தியினும் கம்பளத்தையே மிகுதியாக உடுத்தது ஏன் என்பது அவர்களுக்கு விரலின் வழியே விளங்கிற்று. அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் வாசித்திருக்கலாமே என்பார் உளர். வாசித்திருக்கலாம், ஆனால் அது விரலில் தங்கியிராது.

நிற்க. 1979-ஆம் ஆண்டில் எமக்கு வாய்த்த பாடசாலை, கோவிற்பட்டிக்கு அப்பாற் கரிசற்காட்டின் நடுவே ஒரு சிற்றூரில் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் 26 பிள்ளைகள். பருத்தி வெடிக்கும் பருவம் வந்துவிட்டால் வகுப்பிற் பாதியிடம் வெறிதாகிவிடும். பிள்ளைகள் தாய்மாரோடு காட்டிற்குச் சென்றுவிடுவர். மறுநாள் வருகின்ற பிள்ளையின் சட்டையில் உலர்ந்த இலைத்தூளும் பஞ்சிழையும் ஒட்டிக்கொண்டிருக்கும். நேற்று வராதது ஏன் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனோம். 1980-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், கேட்பதை விடுத்து, காட்டிற்குப் போனவர்களை ஒரு மடி பருத்தி கொண்டுவரும்படி சொன்னோம். சிகாகோ நூல் எம் உள்ளத்தில் எத்தனை ஆண்டு உறங்கிற்றோ, அன்று விழித்துக்கொண்டது.

ஒரு வாரம் என்றே தொடங்கினோம். அஃது ஆறு வாரமாய் நீண்டது. முதல்நாள் பிள்ளைகள் கொட்டை எடுத்தனர். மளிகைக் கடைக்காரரிடம் தராசை இரவல் பெற்று நிறுத்துப் பார்த்தோம். 100 கிராம் பருத்தியிற் பஞ்சு 33 கிராம். மற்றொரு குழுவிற்கு 34. பின்னத்தைக் கரும்பலகையில் மட்டுமே கண்டிருந்த பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு என்பதனை அன்று தட்டில் வைத்துக் கண்டனர். உடனே, வாயிலருகே அமரும் சிறுவன் ஒருவன் எழுந்தான். “மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு என்றால், மற்ற இரண்டு பங்கு கொட்டைக்கும் வியாபாரி எதற்கு ஐயா காசு கொடுக்கிறார்?” என்று கேட்டான். எமக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நாணமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பட்டணத்துப் பருத்தி அரைவை ஆலைக்கே போய்விட்டோம். கொட்டை எண்ணெய்க்கும், எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மாட்டிற்கும் போவதை அங்கே கண்டனர். பருத்தி வணிகன் எதனையும் வீணே விலைகொடுத்து வாங்குவதில்லை என்று அவர்களோடு யாமும் கற்றோம்.

ஆலையிலிருந்து திரும்பியபின் எலி விட்னியின் கதையைச் சொன்னோம். 1793-ஆம் ஆண்டில் அவர் அமைத்த யந்திரம் பல கைகளின் வேலையைத் தானே செய்தது. அத்தோடு நிறுத்துவது பாதி வரலாறேயாம். கொட்டை நீக்குதல் எளிதாகவே அமெரிக்காவின் தென்பகுதியிற் பருத்தித் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகவே அவற்றில் உழலும் அடிமைகளும் பெருகினர். இதனைச் சொல்லி முடித்தபொழுது ஒரு சிறுமி, “அந்த ஊர்ப் பிள்ளைகளும் பருத்தி எடுத்தார்களா?” என்றாள். எடுத்தனர் என்றோம். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். வெடித்த காயின் ஓடு உலர்ந்தபின் முனை கூர்மையாகிவிடும். எடுப்பவர் நகக்கண்ணைக் கிழிக்கும். எம் உபாத்திமைக் காலம் முழுவதிலும் வகுப்பறையில் அத்தகைய அமைதியை யாம் பின்னர்க் கண்டதில்லை.

வேலைக்குப் போகவேண்டிய பிள்ளைகள் போய்க்கொண்டேதான் இருந்தனர். இம்முறையால் வருகை நிரம்பிவிட்டது என்று எழுத எமக்கு ஆசைதான். ஆனால் உண்மை அஃதன்று. போய்வந்தவர் வெறுங்கையாய் வரவில்லை என்பது மட்டுமே உண்மை. கருங்கண்ணி ஒரு கையிலும் கம்போடியா ஒரு கையிலுமாகக் கொண்டுவந்து, இழைகளைக் கரும்பலகையில் ஒட்டி நீளம் ஒப்பிட்டனர். கோவிற்பட்டியில் 1901-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை எதற்கென்று அப்பொழுதுதான் எமக்கே விளங்கிற்று. ஒரு பாடத்தை மேலோட்டமாக நடத்துவதற்குப் பாடப் புத்தகமொன்று போதும். ஆழ்ந்து நடத்தப் புகுந்தால், ஆசிரியன் தன் அறியாமையை நாள்தோறும் பிள்ளைகளின் முன்னிலையிற் காணவேண்டியவனாகின்றான். பாடங்களை விரைந்து முடிக்கும் விருப்பம் நம்மில் இத்துணை வலுத்திருப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமோ என்று ஐயுறுகின்றோம்.

பங்குனியின் இடையிற் கல்வி அதிகாரி ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். எம் குறிப்பேட்டைப் புரட்டினார். விடுபட்ட பாடங்கள் ஏழு. ஆஸ்திரேலியாவின் தலைநகர் யாது என்று வகுப்பைக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின் என்னதான் தெரியுமென்று அவர் கேட்க, வாயிலருகேயிருந்த சிறுவன் பருத்தியிலிருந்து தொடங்கினான், நிறுத்தவில்லை. அதிகாரி பொறுமையாய்க் கேட்டார். கொடியவர் அல்லர், படித்தவர். வெளியே வந்தபின் எம் தோளில் கைவைத்து, “நீர் செய்தது நன்று. ஆனால் அடுத்த ஆண்டு இப்பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்திற்குப் போனால், இவர்களைப் பருத்தி பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள், தம்பி” என்றார்.

அவ்வுரையையேனும் தாங்கிக்கொண்டோம். அச்சிறுவனின் தந்தையார் மாலையில் வந்து கேட்டதற்குத்தான் எம்மிடம் விடையில்லை. அவர் குரலை உயர்த்தவுமில்லை. துண்டைத் தோளினின்றும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “வாத்தியாரையா, பருத்தியைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா? அந்தக் காட்டிலிருந்து தப்பட்டும் என்றுதானே இவனை உங்களிடம் விட்டோம்?” என்றார். பள்ளிக்கூடத்திலும் பருத்தியா என்பதே அவர் கேள்வி.

சிகாகோவிற் கல்வியும் வசதியும் உடையோர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பருத்திக் காய் ஒரு புதுமைப் பொருள். எம் பிள்ளைகளுக்கோ அது கூலி. இவ்வேற்றுமையை டூயியின் நூல் எமக்குச் சொல்லவில்லை. யாமும் எண்ணிப் பார்க்கவில்லை. நம் நாட்டிலும் ஒரு தொழிலை நடுவே வைத்துக் கல்வியை அமைக்கும் முயற்சிகள் நடந்தன. 1937-ஆம் ஆண்டு வார்தாவிற் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் பின், ஜாகிர் ஹுசேன் குழுவினர் நூற்றல் முதலிய கைத்தொழில்களைச் சார்ந்த ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தனர். அதனினும் வேறான நோக்கத்தோடு, 1953-ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இராஜாஜி, கிராமப் பிள்ளைகள் பாதிப் பொழுது பள்ளியிலும் பாதிப் பொழுது பெற்றோரின் தொழிலிலும் கழிக்கும்படி ஒரு திட்டம் கொணர்ந்தார். குலக்கல்வித் திட்டமென்று மக்கள் அதனைக் கடிந்தெழுந்தனர். மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. அந்தத் தந்தையார் அக்கிளர்ச்சியை அறிந்திருந்தாரோ இல்லையோ, அவர் கையிலிருந்த துண்டு அதனை அறிந்திருந்தது.

ஆயினும் ஏழு பாடங்களையும் முடித்திருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றோம். ஆஸ்திரேலியாவின் தலைநகரை 26 பேரும் சொல்லியிருப்பர். பரீட்சை முடிந்த மறுவாரம் மறந்துமிருப்பர். தந்தையார் சொன்ன காட்டிலேயே பிள்ளையைக் கட்டிவைப்பது ஒன்று. அந்தக் காட்டிலிருந்தே அமெரிக்கா வரையிற் பார்க்கச் செய்வது மற்றொன்று. முதலதை யாம் செய்யவில்லை என்று நம்புகின்றோம். ஆனால் இரண்டும் வெளியிலிருந்து நோக்குவார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். அவ்வேறுபாட்டை அவருக்குச் சொல்லத் தக்க மொழி அன்று எம்மிடம் இல்லை. அகலம் வேண்டாவென்றும் யாம் சொல்லத் துணியோம். வறிய பிள்ளைக்கு அகலம் என்பது மேல்வகுப்பின் வாயிற்படி. ஏழில் நான்கையேனும் முடித்திருக்கலாம். ஆறு வாரத்தை நான்காக்கியிருக்கலாம். இது யாம் எம்மேற் கூறிக்கொள்ளும் குற்றம்.

கானடா நாட்டில் கீரன் ஈகன் என்னும் பேராசிரியர் வகுத்த முறை ஒன்றைப் பற்றிப் பிற்காலத்திற் படித்தபொழுது பொறாமையே கொண்டோம். அவர் 2022-ஆம் ஆண்டிற் காலமானார். அவர் முறைப்படி, பள்ளியிற் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆப்பிள், பறவைகள், விண்மீன்கள் என இவ்வாறு ஏதேனும் ஒரு பொருளைக் குலுக்கலாற் கொடுத்துவிடுவர். பள்ளிப் படிப்பு முடியுமளவும் அப்பிள்ளை அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து வரும். மற்றைப் பாடங்கள் தம் வழியே நடக்கும். இதற்குப் பரீட்சையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அகலத்தைப் பறிக்காமல் ஆழத்திற்கு இடம் விடுகின்ற ஏற்பாடு! எமக்கு அஃது 1980-இல் தோன்றவில்லை. தோன்றியிருப்பின், பன்னிரண்டு ஆண்டிற்குப் பருத்தியைக் கொண்டே அச்சிறுவன் எதுவரை சென்றிருப்பானோ!

தந்தையார் அவனை ஆறாம் வகுப்பிற்குப் பட்டணத்து விடுதியொன்றிற் சேர்த்தார். போகும்பொழுது அவன் தன் பருத்திக் குறிப்பேட்டை எம்மிடமே விட்டுச் சென்றான். அங்கே அது வேண்டியிராது என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு வினா மட்டும் விடையின்றி நின்றது. அழுக்கான பஞ்சைக் கழுவலாமென்று பிள்ளைகள் வாளித் தண்ணீரில் இட்டபொழுது, அது நனையாமல் மேலே மிதந்தது. அமுக்கினாலும் உள்ளே நீர் ஏறவில்லை. பழைய வேட்டிக் கிழிசலோ இட்டவுடனே நனைந்து அமிழ்ந்தது. ‘வேட்டியும் பஞ்சுதானே? பஞ்சு ஏன் நனையவில்லை?’ என்று எழுதியிருந்தான். நாளை பார்ப்போம் என்று சொல்லியிருந்தோம். அந்த நாளைக்கு மறுநாள்தான் அதிகாரி வந்தார்.

விடை எமக்கு ஈராண்டு கழித்துக் கிடைத்தது. நூலுக்குச் சாயமிடும் முதியவர் ஒருவர், கோரா நூலைச் சோடா உப்பிட்ட நீரில் வேகவைத்தாலன்றிச் சாயம் பிடிக்காது என்று பேச்சுவாக்கிற் சொன்னார். பிறகு நூல்களைத் தேடிப் படித்தோம். செடியில் விளையும் பஞ்சிழையின்மேல் மெழுகு போன்றதொரு மெல்லிய பூச்சு இயற்கையாகவே உண்டு. நீரை அது ஏற்பதில்லை. சோடா நீரில் வேகும்பொழுது அது நீங்கிவிடும். வேட்டி நனைவதும், ஆஸ்பத்திரிப் பஞ்சு இரத்தத்தை உறிஞ்சுவதும், காட்டுப் பஞ்சு மிதப்பதும் எல்லாம் அதனாலேயாம்.

அன்றிரவே ஓர் அஞ்சலட்டையில் இவையனைத்தையும் நெருக்கி எழுதினோம். இடம் போதாமையால் ஓரத்திற் குறுக்கேயும் எழுதி, அவன் பயின்ற பள்ளியின் முகவரிக்கு அனுப்பினோம். மறுமொழி வரவில்லை. குறிப்பேடு எம்மிடமே இருக்கின்றது.